தேரையும் கல்கண்டும் என் மாமியாரும்

தப்பாகச் சொன்னவர்களை எங்கள் ஊர் சீக்கிரம் மறந்துவிடும். சரியாகச் சொல்லிவிட்டு ஆளை மட்டும் மாற்றிக் கை காட்டியவர்களைச் சாகும்வரை விடாது. நான் இரண்டாவது ரகம். எத்தனையோ ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் வந்துபோய்விட்டன. ஒவ்வொன்றிலும் சொந்தக்காரர்கள் கூடியதும் முதலில் எடுப்பது என் கதையைத்தான். அவர்கள் சொல்வதில் பாதி கலப்படம் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். தேரை சொன்னது சரி, நான் பார்த்ததும் சரி. கல்கண்டு கொடுத்த இடம்தான் கொஞ்சம் இடறிவிட்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. கொடிதான் இறங்கியிருந்தது. நான் வேலை பார்த்த பிரசவ ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டும் திட்டும் இன்னும் பிரெஞ்சில்தான் வந்துகொண்டிருந்தன. (ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அது இப்போது இல்லை, இருந்தாலும் என்னைத் தெரியாது என்றுதான் சொல்லும்.) அரியாங்குப்பத்திலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி சைக்கிளில் வருவேன். பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டினாலே திரும்பிப் பார்க்கிற காலம். நான் பெல்லை விடாமல் அடித்து, திரும்பாதவர்களையும் திரும்ப வைப்பேன்.

அங்கே சோதனைக்கூடத்தில் எனக்கு இருந்த முக்கியமான வேலை தேரை வளர்ப்பது.

சிரிக்காதீர்கள். ஒரு பெண் பிள்ளை உண்டாகியிருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள அன்றைக்கு இருந்த நல்ல வழி அதுதான். அவளுடைய சிறுநீரைக் கொஞ்சம் எடுத்து ஆண் தேரையின் முதுகுத் தோலுக்கடியில் ஊசி போட வேண்டும். மூன்று மணி நேரம் போனதும் தேரையிடமிருந்து ஒரு சொட்டு நீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். விந்தணு நெளிந்தால் அந்தப் பெண் கர்ப்பம். கண்ணாடியில் ஒன்றும் இல்லையென்றால் இல்லை.

இது எப்படி நடக்கிறது என்றால், கரு தங்கியதும் அதைச் சுற்றி வளரும் செல்கள், அதாவது பின்னால் நச்சுக்கொடி ஆகப்போகிறவை, தாயின் ரத்தத்தில் ஒரு சேதியை அனுப்பத் தொடங்கும். 'ஆள் வந்தாச்சு, இந்த மாசம் வழக்கமான வேலையை நிறுத்துங்கள்' என்பதுதான் அந்தச் சேதி. தாயின் செல்கள் அதைக் கேட்டு நடந்துகொள்ளும். மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். அதை எடுத்துத் தேரைக்குள் ஏற்றினால் தேரையின் செல்லும் அதைக் கேட்கும்! மனுஷிக்கும் தேரைக்கும் என்ன உறவு? ஆனால் சாவி உள்ளே நுழைகிற பூட்டு இரண்டு பேரிடமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிறது. பாவம், தன் இனத்தாரின் உத்தரவு என்று நம்பித் தேரை தன் வேலையைச் செய்துவிடும். ஏற்பி, சமிக்ஞை என்று இப்போதைய புத்தகங்களில் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறார்களே, அந்தச் சொல் எதுவும் அன்று எனக்குத் தெரியாது. தேரையைத் தெரியும், அவ்வளவுதான்.

ஆண் தேரையை எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் எடுத்து விலாவை லேசாக அமுக்கினால் 'என்னை விடு' என்று கத்துவது ஆண். பேசாமல் சகித்துக்கொண்டிருப்பது பெண். (எங்கள் வீட்டில் இது நேர்மாறு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.)

கல்யாணமாகாத கிறிஸ்தவப் பெண், நாள் முழுக்க இந்தக் கண்ணாடியில் என்ன பார்க்கிறாள் என்று வெளியே சொல்ல முடியுமா? என் அம்மா அக்கம்பக்கத்தில் "பூதக்கண்ணாடியில பூச்சி பாக்குற வேலை" என்று சொல்லி வைத்திருந்தார். தேரை என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் தேங்காயை உடைத்து உள்ளே பருப்பில்லாமல் இருந்தால் தேரை மோந்துவிட்டது என்பார்கள். குழந்தை தேறாமல் சூம்பிப் போனால் தேரை விழுந்த தோஷம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்குள் தேரை தத்தினால் துடைப்பத்தோடு நாலு பேர் ஓடிவருவார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் கறியைக் கறாராக ஒதுக்கி, ஞாயிறு தவறாமல் பூசை காண்கிற எங்கள் குடும்பங்களிலும் தேரை விஷயத்தில் மட்டும் வேதம் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்.

இந்த நிலையில் எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. சவரி, பஞ்சாலையில் மின்சார வேலை. பெண் பார்க்க வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். (பெண் சிரிக்கக் கூடாதாம். அதற்கு அம்மா தனியாகத் திட்டினார்.) அந்தச் சிரிப்புக்காக ஏழு கடல் தாண்டவும் தயாராக இருந்தேன் என்று இப்போது எழுத வெட்கமில்லை. அவருடைய அப்பா அருளப்பன், பிரெஞ்சுக்காரன் காலத்தில் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி இல்லாமல் வாசலுக்கு வரமாட்டார். அம்மா செலஸ்தீன். வீட்டில் மூத்த மருமகள் ரெஜினா ஒருத்தி. கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. அந்த வீட்டுக்குப் போகிற எல்லோரும் முதலில் ரெஜினா அக்காவின் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்பதுதான் ஓலை. மூன்று ஓலையும் முடிந்தால்தான் தாலி. ஐப்பசி மழைக்கு நடுவில் எங்கள் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. யாரும் தடை சொல்லவில்லை. தடை சொல்கிற வேலையை நானே பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று யாருக்குத் தெரியும்?

அந்தப் புதன்கிழமை சோதனைக்கூடத்துக்கு ஒரு பச்சைப் புட்டி வந்தது.

எங்கள் டாக்டரம்மாவின் சட்டம் கடுமையானது. புட்டிமேல் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் அவர் தலைக்குள் இருக்கும். எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சனங்கள் சிறுநீரை எதில் கொண்டுவருவார்கள்? வீட்டில் இருக்கும் புட்டியில்தானே! தைலப் புட்டி, டானிக் புட்டி, பூசைத் தீர்த்தப் புட்டியில்கூட வந்திருக்கிறது. இந்தப் பச்சைப் புட்டி எனக்குத் தெரிந்த புட்டி. எப்போதோ சீமையிலிருந்து பெப்பர்மின்ட் மது வந்த புட்டி, நட்சத்திரம் மாதிரி கண்ணாடி மூடி. நிச்சயத்துக்குப் போனபோது செலஸ்தீன் அத்தை வீட்டுக் கண்ணாடி அலமாரியில், மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில், லேஸ் துணிமேல் நின்றிருந்தது. நான் வெகுநேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். (மாப்பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்றார்களே.)

ஊசி போட்டேன். மூன்று மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் கண்ணை வைத்தால், ஒன்றிரண்டு இல்லை, தேர்த் திருவிழாக் கூட்டம்! அவ்வளவு கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏன் இவ்வளவு என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. 'ரெஜினா அக்கா!' என்று மனசு கூவிவிட்டது. ஐந்து வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தவளுக்கு விடிந்துவிட்டது, அந்தச் சேதியைக் கொண்டுபோகிற பாக்கியம் சின்ன மருமகளாக வரப்போகிற எனக்கா! டாக்டரம்மா பிரசவ அறையில் இருந்தார். முடிவை எழுதி அவர் மேஜையில் வைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. சைக்கிளை எடுத்தேன், பெரிய மார்க்கெட்டில் கல்கண்டு வாங்கினேன், நேரே செலஸ்தீன் அத்தை வீட்டில் போய் இறங்கினேன்.

வீட்டில் கல்யாண முறுக்கு நடந்துகொண்டிருந்தது. நடு முற்றத்தில் அடுப்பு, சுற்றிலும் அத்தைகள், சித்திகள், அருளப்பன் மாமாவின் தங்கை மதலேன். செலஸ்தீன் அத்தை முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். அவர் கை நடுங்கியதில் முறுக்கு வட்டம் வட்டமாக வராமல் கோணல் மாணலாக விழுந்தது. மழைக் குளிரிலும் அவர் நெற்றியில் வேர்வை. அதையும் பார்த்தேன், அடுப்புச் சூடு என்று நினைத்தேன்.

"வாம்மா பிலோ, என்னா இந்நேரத்துல?" என்றார் மாமா.

"மொதல்ல வாயத் தொறங்க மாமா" என்று சொல்லி ஒரு கல்கண்டை அவர் வாயில் போட்டேன். சுற்றியிருந்தவர்களுக்கும் போட்டுக்கொண்டே வந்தேன். "நம்ம வூட்டுல புள்ள வரப்போவுது! ஆஸ்பத்திரியில இப்பதான் பாத்தேன். தேரை சொல்லிடுச்சி!"

மாமா கல்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, பெரிய மனுஷத் தோரணையில் கேட்டார். "யாருக்காம்?"

நான் ஓடிப்போய் ரெஜினா அக்காவைக் கட்டிக்கொண்டேன். "அக்காவுக்குத்தான்!"

ஒரு கணம் அக்கா முகம் மலர்ந்ததே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. அடுத்த கணமே வாடியது. "எனக்கா? நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் போவலியே பிலோ. நேத்துதான் தலைக்குக் குளிச்சேன்" என்றார் மெல்ல.

"இல்லக்கா, பச்சைப் புட்டி…" என்று அலமாரியைக் காட்டினேன். எல்லாத் தலையும் அலமாரிப் பக்கம் திரும்பின. மாதா இருந்தார். லேஸ் துணி இருந்தது. புட்டி இல்லை. அலமாரி பூட்டியிருந்தது. அந்தப் பூட்டின் சாவி தொங்குகிற இடுப்பு வீட்டில் ஒன்றே ஒன்றுதான். எல்லாத் தலையும் மறுபடி திரும்பின. செலஸ்தீன் அத்தையின் கையிலிருந்து முறுக்கு அச்சு எண்ணெய்க்குள் விழுந்தது.

மாமா கல்கண்டை முழுசாக விழுங்கிவிட்டார். அது தொண்டையில் நின்றுகொண்டது. இரண்டு பேர் அவர் முதுகில் குத்த வேண்டியதாயிற்று. பேரன் எடுக்க வேண்டிய வயதில், சின்ன மகன் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கிற நேரத்தில், பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதியை மருமகளாக வரப்போகிறவள் வாயில் இனிப்போடு வாங்கிய மனுஷன் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அப்போதுதான் மதலேன் அத்தைக்கு மற்றது உறைத்தது. "அய்யய்யோ, தேரையத் தொட்ட கையாலயாடி எங்களுக்குக் கல்கண்டு குடுத்த?"

அதன்பிறகு முற்றத்தில் கல்கண்டு மழை. அத்தனை பேரும் துப்பினார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னதும் டாக்டரம்மா நின்றுகொண்டே திட்டினார். பிரெஞ்சில் திட்டியதை நான் பொறுத்துக்கொண்டேன், பாதி புரியவில்லை. கடைசியில் தமிழுக்கு வந்தார். அதுதான் வலித்தது.

"உன்ன வேலைய விட்டு நிறுத்தறத அப்புறம் பாப்போம் பிலோமின். அந்த அம்மா திரும்பி வரணும். வயிறு மாசக் கணக்குக்கு மேல பெருசா இருக்குது. எனக்கு அது புள்ளன்னு தோணல. அந்த வயசுல வேற ஒண்ணு வரும், உசுரையே கேக்கும். இன்னொரு புட்டி வாங்கி அளந்து பாக்கணும்னு இருந்தேன். நீ ஊரக் கூட்டிக் கல்கண்டு குடுத்துட்ட. இனிமே வெக்கத்துல இந்தப் பக்கம் வருவாங்களா?"

வரவில்லை. வெள்ளிக்கிழமை மாமாதான் எங்கள் வீட்டுக்கு வந்தார், தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கெழம ரெண்டாவது ஓலை. பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல சொந்தக்காரங்க எல்லாரும் இருப்பாங்க. 'தேரை தப்பா சொல்லிடுச்சி, அது வேற யாரோட புட்டியோ'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. இல்லன்னா மூணாவது ஓலை கெடையாது."

"ஆஸ்பத்திரிக்கு அத்தை வரணும் மாமா."

"அவளுக்கு வெறும் வாய்வுதான். கஷாயம் குடுக்கறோம்."

அவர் போனதும் அம்மா என் காலைப் பிடிக்காத குறைதான். "சொல்லித் தொலையேன்டி. தேரை என்னா உனக்கு மாமனா மச்சானா?"

சனிக்கிழமை ஆற்றுப் பாலத்தில் சவரி என் சைக்கிளை மறித்தார். மழைத் தூறல். இரண்டு பேரும் தனியாக நின்று பேசியது அதுதான் முதல் தடவை. காதல் பேச்சு என்று நினைக்காதீர்கள்.

"தேரை பொய் சொல்லுமா?" என்று கேட்டார்.

"சொல்லாது."

"அப்ப நீயும் சொல்லாத. அம்மா தண்ணி குடிச்சாகூட வாந்தி எடுக்குது. நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. வூட்டுல ஒருத்தரும் அத பாக்கல, மானம் எங்க போச்சின்னு தேடிக்கிட்டிருக்காங்க."

ஞாயிற்றுக்கிழமை சாமியார் ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றபோது மதலேன் அத்தை என்னையே முறைத்தார். பூசை முடிந்தது. கோயில் வாசலில் குடைகளுக்குக் கீழே இரண்டு குடும்பமும் நின்றது. மாமா தொண்டையைச் செருமினார். அந்தக் கல்யாணம் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. ஆனால் தேரை பொய் சொன்னது என்று நான் சொன்னால் அத்தை நிம்மதியாகக் கஷாயம் குடித்துக்கொண்டே செத்துப்போவார். அந்த வீட்டில் அவர் இடத்தில் நின்று நான் எந்த முகத்தோடு முறுக்கு பிழிவது?

"ரெஜினா அக்காகிட்ட மட்டும் மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்றேன். "ஆள மாத்திச் சொல்லி அவங்க மனச நோவடிச்சது என் தப்பு. ஆனா தேரைக்காக யார்கிட்டயும் மன்னிப்பு கேக்க மாட்டேன். அது சரியாத்தான் சொல்லுச்சி. அத்தை இப்பவே ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"திமிரப் பாத்தீங்களா!" என்றார் மதலேன் அத்தை.

"மூணாவது ஓலை கெடையாது!" என்று மாமா கத்தினார்.

"வேணாம் மாமா. அத்தை வந்தா போதும்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுகையோடு தலையையும் நிமிர்த்தி வைத்திருந்தேன். பார்க்கச் சகிக்காமல் இருந்திருக்கும்.

அப்போது செலஸ்தீன் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா? எனக்கு நாப்பத்தாறு வயசு. தாலி கட்டுன புருஷன் இதோ நிக்கறாரு. எனக்குப் புள்ள உண்டாச்சின்னா யாரு மானம் எங்க போவுது? திருடிட்டா வந்தேன்?" மாமாவின் பக்கம் திரும்பினார். "வெக்கப்பட்டுத்தான் ஆவணும்னா பாதி வெக்கத்த நீங்க படுங்க. நான் மட்டும் ஏன் படணும்?"

சொல்லி முடித்துவிட்டு, மாமா கையில் பிடித்திருந்த வெள்ளைத் தொப்பிக்குள்ளேயே வாந்தி எடுத்தார். சவரி ரிக்‌ஷா கூப்பிட ஓடினார்.

டாக்டரம்மா பார்த்தார். முகம் இறுகியது. இந்தத் தடவை சிறுநீரை அப்படியே போடக் கூடாது. ஒரு பங்குக்கு நூறு பங்கு உப்புத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் போட வேண்டும். சாதாரணக் கர்ப்பத்தின் சேதி அவ்வளவு தண்ணீரில் கரைந்து, தேரைக்குக் கேட்காமல் போய்விடும். அதற்குப் பிறகும் தேரை கேட்டுக்கொண்டு பதில் சொன்னால், உள்ளே இருப்பது பிள்ளை இல்லை.

சரி, தேரை எங்கே? தொட்டியில் இருந்த ஆண் தேரைகள் எல்லாம் அந்த வாரம் வேலை செய்து களைத்தவை. ஓய்வு கொடுக்காமல் மறுபடி போட்டால் முடிவை நம்ப முடியாது. புதுத் தேரை வேண்டும். மழை பெய்த ஞாயிற்றுக்கிழமையில் புதுச்சேரியில் தேரை நிறைய இருக்கிற இடம் எனக்குத் தெரியும், பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த மீன் கழுவும் சாக்கடை. கோயிலுக்கு உடுத்திய பட்டுப் பாவாடை தாவணியோடு சாக்கடை ஓரம் குந்தினேன். சவரி கல்யாணத்துக்குத் தைத்த கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு இறங்கினார். நான் பிடித்து அமுக்கிப் பார்த்து, பேசாத தேரையை விட்டுவிடுவேன். கத்துவது பைக்குள் போகும்.

மீன்காரம்மாக்கள் கூடைகளை இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். "என்னா தம்பி பண்றீங்க? எதுக்கு இந்தச் சனியன அமுக்குறீங்க?"

"கத்துனா ஆம்பளைங்க" என்றார் சவரி.

"ஏன், அமுக்குனா எங்க வூட்டுதும் கத்தும். அதயும் புடிச்சிக்கினு போறீங்களா?"

சவரி ஒரு தேரையைக் காதோரம் பிடித்துக் கேட்டுவிட்டு, "இதுவும் நம்ம ஆளுதான்" என்று பையில் போட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் அம்மா அங்கே படுத்துக் கிடக்கிறார். எங்களுக்கு மூன்றாவது ஓலை இல்லை என்று ஊரறியச் சொல்லியாகிவிட்டது. அந்தச் சாக்கடையில் நின்றுகொண்டுதான், ஓலை வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் இந்த ஆளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்தேன்.

கரைத்த நீரைப் போட்டோம். காத்திருந்தோம். கண்ணாடியில் பார்த்தேன். நூறு பங்கு தண்ணீருக்குப் பிறகும் கூட்டம் கலையவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டார்.

விஷயம் இதுதான். கருப்பையில் பிள்ளை இல்லை. நச்சுக்கொடியாக வேண்டிய செல்கள் பிள்ளையை மறந்துவிட்டுத் தாங்களாகவே பெருகி, திராட்சைக் குலை போலக் குமிழ் குமிழாக நிரம்பிவிட்டன. சேதி அனுப்புகிற வேலையை மட்டும் விடவில்லை. 'பிள்ளை வருது, பிள்ளை வருது' என்று ஆளில்லாமலே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. (ஆமாம், புதன்கிழமை நான் செய்த அதே காரியம்.) வயதான பின் உண்டாகும் கர்ப்பத்தில் இது அதிகம் வரும். சேதி அளவுக்கு மீறிப்போனதால் கழுத்திலிருக்கிற சுரப்பியின் பூட்டுக்குள்ளும் போய்த் திருகும். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு எல்லாம் அதனால்தான். அப்படியே விட்டால் ரத்தம் கொட்டும். சில பேருக்கு அந்தச் செல்கள் புற்றாக மாறி நுரையீரலுக்கே போய்விடும்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா எல்லாவற்றையும் சுத்தம் செய்தார். ரத்தம் நிறையப் போயிற்று. "இன்னும் கொஞ்ச நாள் கஷாயம் குடிச்சிருந்தா வூட்டுக்குக் கூட்டிட்டுப் போவ ஆளே இருந்திருக்காது" என்று மாமாவிடம் முகத்துக்கு நேராகவே சொன்னார். மாமா நடைபாதை பெஞ்சில், தொப்பி இல்லாத தலையோடு உட்கார்ந்து அழுதார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலை மட்டும் வாசிக்கப்பட்டது.

மதலேன் அத்தை விடுவாரா? "நல்லா இருந்த புள்ளதான். இவ கையில இருந்த தேரை மோந்து தேங்கா மாதிரி ஆக்கிடுச்சி" என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த செலஸ்தீன் அத்தையிடமும் அதைச் சொன்னார். அத்தை கண்ணைத் திறக்காமலே, "அந்தத் தேரை மோந்துதான் நான் பொழச்சேன். உன்னயும் ஒரு தடவ மோந்து பாக்கச் சொல்றேன், நாக்குல இருக்கற விஷம் எறங்குதா பாப்போம்" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் என் மாமியார் இல்லை, என் கட்சி.

என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. தேரைத் தொட்டியை நான்தான் கழுவ வேண்டும் என்று தண்டனை. அது ஏற்கெனவே என் வேலைதான். கல்யாணமான பிறகு மாதாமாதம் அதே பச்சைப் புட்டியை நானே வீட்டிலிருந்து எடுத்துப்போனேன். கெட்ட செல் ஒன்றாவது எங்காவது ஒளிந்திருந்தால் சேதி வரும். தேரை பேசாமல் இருந்தால்தான் அத்தை பிழைத்தார் என்று அர்த்தம். சேதி வரவேண்டும் என்று காத்திருந்த கண்ணாடியில், சேதி வரக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். ஒரு வருஷம் பார்த்தேன். தேரை வாயைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டதும் அத்தை உள்ளேயிருந்து உரக்கக் கேட்பார். "பிலோ, யாருக்காம்?"

"யாருக்கும் இல்ல அத்தே!"

தெருவே கேட்கும். மாமா புதுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுவார்.

அப்படித்தான் அது வீட்டுப் பேச்சாகிவிட்டது. மழைக்காலத்தில் சாக்கடையில் தேரை கத்தினால் யாராவது ஒருவர் "யாருக்காம்?" என்பார்கள். யாருக்காவது வயிறு கொஞ்சம் உப்பினால், ஆம்பிளையாக இருந்தாலும், "பிலோவ கல்கண்டு வாங்கியாரச் சொல்லு" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். ரெஜினா அக்கா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவார். என்னோடு பேசுவார், சிரிப்பார், அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் இருக்க மாட்டார். எனக்கு அது முள்ளாக இருந்தது. என் முதல் பிள்ளைக்குக்கூட வீட்டில் யாரும் கல்கண்டு வாங்கக் கூடாது என்று தடுத்துவிட்டேன்.

பிரெஞ்சுக்காரன் கடைசிக் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன வருஷம், ஒரு காலை சோதனைக்கூடத்து மேஜையில் அந்தப் பச்சைப் புட்டி நின்றது. அத்தையின் மாதச் சோதனை முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மறுபடி வந்துவிட்டதோ? ஊசி போட்டேன். மூன்று மணி நேரத்தில் பார்த்தேன். கூட்டம் இருந்தது, அளவான கூட்டம். கரைத்துப் போட்டேன், தேரை வாயை மூடிக்கொண்டது. பிள்ளைதான்! எழுதி டாக்டரம்மா மேஜையில் வைத்துவிட்டு, சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டு, பெரிய மார்க்கெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. சவரியிடம்கூடச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச் செயல் அதுதான், அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

மூன்று நாள் அப்படியே வெந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். ரெஜினா அக்கா உள்ளேயிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். தட்டு நிறையக் கல்கண்டு. முதலில் என் முன்னால் வந்து நின்று, என் வாயில் ஒன்றைத் திணித்தார். பிறகு மாமாவுக்கு, அத்தைக்கு, எல்லோருக்கும் கொடுத்தார். யாரும் விழுங்கவில்லை. போன தடவை அனுபவம் அப்படி.

அக்கா காலித் தட்டோடு நடுவீட்டில் நின்றுகொண்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்னா எல்லாரும் வாயில வச்சிக்கினு முழிக்கறீங்க?" என்றார். "யாருக்காம்னு கேளுங்களேன்!"